அத்தியாயம் 11: இரண்டு ராகு காலம்

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அம்மானின் கடிகாரம் ஏழே கால் காட்டியது.

கொழும்பில் கப்பலேறியபோது ஓடிய நேரம் அது. பினாங்கில் அவர் அதை மாற்றவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியபோதும் மாற்றவில்லை. வியாழக்கிழமை முதல் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அவருக்கு விடியுமுன் காலைப் பலகாரமும் பசிக்குமுன் மத்தியானச் சோறும் வந்துகொண்டிருந்தன. அவர் குறை சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

சிவகுருநாதன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தாள் இருந்தது.

அந்தத் தாளுக்காகத்தான் மூன்று வாரமாக அவனுக்குத் தூக்கமில்லை. சர்வே வகுப்பில் எட்டே இடம். ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. வயது பத்தொன்பதுதான், இருபத்தொன்று ஆகவில்லை என்பதால் காப்பாளர் கையெழுத்து வேண்டும். தகப்பன் இல்லை. தாய்மாமன் வல்லிபுரம்தான் காப்பாளர். யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்துக்குத் தபால் போய்வர ஒரு மாதமாகும் என்று அவன் கலங்கியிருந்த நேரத்தில், கலங்கியவனுக்கு வரம் கொடுத்தது போல அம்மானே கப்பலில் வந்து இறங்கினார். ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இன்று ஒரு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் அலுவலகம், அந்தக் கந்தோர், மூடிவிடும். அதற்குப் பிறகு அந்த இடம் அடுத்த பெயருக்கு.

"முதல் பள்ளிக்கூடத்துக்குப் போவம் அம்மான். ஒப்பத்தை வைச்சிட்டால் பேந்து ஆறுதலா ஊர் பாக்கலாம்."

அடுக்களையிலிருந்து குணபூசணி எட்டிப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா. புருஷன் ரயில்வேயில் குமாஸ்தா. அவள் வீட்டில்தான் அவன் இரண்டு வருடமாகத் தங்கிப் படிக்கிறான்.

"உனக்கென்ன விசரே? ஒன்பதுக்கு ராகு காலம். நல்ல காரியத்துக்கு ராகு காலத்திலை போய் ஒப்பம் வைக்கிறதோ?"

"அக்கா, வெள்ளைக்காரன்ரை கந்தோரிலை..."

"வெள்ளைக்காரன்ரை கந்தோர். படிக்கப் போறது நீ."

அம்மான் தலையசைத்தார். "பிள்ளை சொல்லுறது சரி. அவளின்ரை வீடு, அவளின்ரை சொல்லு. பத்தரை மட்டும் ஊரைக் காட்டு."

பத்தரை முதல் ஒரு மணி வரை இரண்டரை மணி நேரம். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். போதும். செருப்பை மாட்டிக்கொண்டான்.

*

ஊர் காட்டுவதற்கு அவன் வழி வகுத்து வைத்திருந்தான். ஸ்டேஷன், பாடாங் மைதானம், ஆறுகள் சேரும் இடம், பிறகு பள்ளிக்கூடம். ஒவ்வொன்றின் முன்னாலும் என்ன சொல்லவேண்டும் என்பதுகூட மனதில் இருந்தது.

ஸ்டேஷனின் வெள்ளை மாடங்களைக் காட்டினான். அம்மான் மாடங்களைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற டிக்கட் கலெக்டரைப் பார்த்தார்.

"தம்பி எவ்விடம்?"

"சங்கானை ஐயா."

"சங்கானையிலை ஆர் வீடு?"

அவ்வளவுதான். சங்கானையிலிருந்து பேச்சிலேயே சண்டிலிப்பாய்க்குப் போனார்கள். அங்கிருந்து ஒரு பெரியம்மாவின் கலியாணத்துக்கு, ஒரு வழக்குக்கு, வேலியில் நின்ற ஒரு பூவரசமரத்துக்கு. சிவகுருநாதன் காலை மாற்றி மாற்றி நின்றான். ஒரு மெயில் வண்டி வந்தது, போனது. அம்மான் "நில், வாறன்" என்று டிக்கட் கலெக்டரோடு உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"நல்ல பெடியன்" என்றார். "எங்களுக்குச் சொந்தம்."

"ஸ்டேஷன் எப்படி அம்மான்?"

"நிழல் இருக்கு."

பாடாங் ஓரமாக நடந்தார்கள். அரசாங்கக் கட்டடத்தின் மணிக்கூண்டு பத்து அடித்தது. அம்மான் நின்று, பத்தையும் எண்ணி, கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"உது பிழை" என்றார்.

"எது?"

"உந்த மணிக்கூடு. ஒண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுது."

ஒரு மலாய்க் காவலாளி அவர்களைத் திரும்பிப் பார்த்தான். சிவகுருநாதன் அம்மானின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

ஆறுகள் சேரும் இடத்தில் கலங்கல் தண்ணீர் ஓடியது. இங்கேதான் இந்த ஊரே தொடங்கியது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். அம்மான் பாலத்தில் பதித்திருந்த இரும்புப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். ஊரில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவர் அவர். எழுதியிருக்கும் எதையும் பாதியில் விடமாட்டார். தேதியை இரண்டு தரம் வாசித்தார்.

அரை மணி அடித்தது.

"பத்தரை அம்மான். இனிப் போவம்."

அம்மான் கடிகாரத்தைத் திறந்தார். மூடினார்.

"ஒன்பது" என்றார். "இப்பதான் தொடங்குது."

"என்ன தொடங்குது?"

"ராகு காலம்."

சிவகுருநாதனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மான், இஞ்சை ராகு காலம் முடிஞ்சுது. அக்கா சொன்னது ஒன்பதிலையிருந்து பத்தரை. அது போயிட்டுது."

"அது குணபூசணியின்ரை. இது என்ரை."

"ராகு காலத்திலை உன்ரை என்ரை எண்டு இருக்கே?"

"ஏன் இல்லை? நான் பிறந்தது சுழிபுரம். சாதகம் கணிச்சது சுழிபுரம். பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்திலை அச்சடிச்சது. நான் கப்பலேறினவுடனை ராகுவும் நேரத்தை மாத்துமே?"

"சூரியன் உதிக்கிற நேரத்தை வைச்சுத்தான் கணிக்கிறது. இஞ்சை சூரியன் முந்தி உதிக்குது. பதினைஞ்சு பாகைக்கு ஒரு மணித்தியாலம். ஊருக்கும் இஞ்சைக்கும் இருபத்திரண்டு பாகை. படிச்சனான் அம்மான், இதைத்தான் படிச்சனான்."

"நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்றார் அம்மான். உண்மையாகவே சொன்னது போலிருந்தது. "ஆனால் ஒப்பம் வைக்கிறது நீயில்லை. நான்."

அவருடைய ராகு முடிய இங்கே பன்னிரண்டு மணியாகும். சிவகுருநாதன் பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். வெயிலில் அது சுட்டது. ஒரு மனிதனின் ராகு முடிந்த நிமிடத்தில் இன்னொரு மனிதனின் ராகு தொடங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவன் படித்ததில்லை. யாரிடம் போய் இதை முறையிடுவது? பள்ளிக்கூடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் சொன்னால் அக்கா, பெரியவர் சொன்னால் சரிதானே என்பாள்.

பன்னிரண்டிலிருந்து ஒன்று. ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது.

*

பக்கிரிசாமியின் தேத்தண்ணீர்க் கடை பாசாருக்குப் பின்னால் இருந்தது. நாகப்பட்டினத்துக்காரர். பரீட்சைக் காலத்தில் சிவகுருநாதனுக்கு அங்கே தனி முக்காலி உண்டு.

"வாங்க தம்பி. என்னா மூஞ்சி இப்புடி இருக்கு, பரீச்சையில கோட்டா? யாரு இந்தப் பெரியவரு?"

"என்ரை தாய்மாமன். ஊரிலையிருந்து வந்திருக்கிறார்."

"அடடே. உக்காருங்க சார். தேத்தண்ணி போடவா?"

அம்மான் முக்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கடைக் குவளைகளைப் பார்த்தார். "சோடா" என்றார். "போத்தலை என்ரை முன்னாலை உடையும்."

பக்கிரிசாமி சிவகுருநாதனைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். போத்தலை மேசைமேல் வைத்து, கோலியை அழுத்தினார். நுரை பொங்கியது.

"எங்கெல்லாம் பாத்தீங்க சார்? பத்துமலை போகலையா?"

"ராகு காலம் முடியட்டும் எண்டு இருக்கிறம்."

"ராகு காலந்தான் பத்தரைக்கே போயிருச்சே."

"யாழ்ப்பாணத்து ராகு காலம்" என்றான் சிவகுருநாதன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

பக்கிரிசாமி ஒரு கணம் யோசித்தார். பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "அப்புடிப் போடுங்க. ஜனங்கதான் கப்பலேறி வருதுன்னு நெனச்சேன். ராகுவும் டிக்கட்டு எடுத்துட்டு வந்துருச்சா? டெக்குலயா, கேபின்லயா?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மான் சோடாவைக் குடித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சிவகுருநாதனை அதிகம் எரித்தது. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசலாம். சுவரோடு என்ன பேசுவது?

முகம் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது அம்மானின் பையிலிருந்து இரண்டு சின்ன அட்டைகள் மேசைமேல் விழுந்தன. பக்கிரிசாமிதான் முதலில் பார்த்தார்.

"கிள்ளான் போறீங்களா? ரெண்டு பேருமா?"

சிவகுருநாதன் அட்டைகளை எடுத்தான். இன்றைய தேதி. ஒன்று நாற்பதுக்குப் போகும் வண்டி. இரண்டு டிக்கட்.

ஸ்டேஷனில் அந்தப் பத்து நிமிடம்.

"அம்மான், இது ஆருக்கு?"

"எனக்கும் உனக்கும்."

"கிள்ளானிலை என்ன?"

அம்மான் போத்தலைக் கீழே வைத்தார். பக்கிரிசாமி அடுப்பைப் பார்க்கப் போனார்.

"கிள்ளானிலை தம்புசாமி எண்டு ஒருத்தர். துறைமுகக் கந்தோரிலை பெரிய குமாஸ்தா. எங்கடை பக்கத்து ஆக்கள்தான். அவருக்கு ஒரு மகன், வாசு. ஒரு மகள், ரமணி."

அவர் அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு மகன், ஒரு மகள். இங்கே சிவகுருநாதன். ஊரில் அவன் தமக்கை இராஜம்மா.

"மாற்றுச் சம்பந்தம்" என்றான்.

"ஓம். அவன் எங்கடை பிள்ளையை எடுக்கிறான். நீ அவையின்ரை பிள்ளையை எடுக்கிறாய். சீதனக் கதை இல்லை. இராஜம்மாவுக்கு இருபத்திநாலு. ரெண்டு இடம் வந்து திரும்பிப் போட்டுது. நிலம் இல்லை, வீடு இல்லை. ஆர் வருவான்? சொல்லு."

"நான் படிக்கிறன் அம்மான்."

"தெரியும்."

"சர்வே வகுப்பிலை மூண்டு வருசம் கலியாணம் செய்யக்கூடாது. ஒப்பந்தத்திலை இருக்கு. காட்டிலை கூடாரம் அடிச்சுத் தங்க வேணும்."

"அதுவும் தெரியும். நீ விண்ணப்பம் போட்டபோது எழுதின கடிதத்திலைதான் வாசிச்சனான். பெருமையா எழுதியிருந்தாய். கொம்மாவுக்கு நான்தான் வாசிச்சுக் காட்டினது."

அப்படியானால் கப்பலேறும்போதே தெரியும். வியாழக்கிழமை தெரியும். இன்று காலை அக்கா ராகு காலம் என்று சொன்னபோது, பிள்ளை சொல்லுறது சரி என்று தலையசைத்தாரே, அப்போது தெரியும். சங்கானைப் பூவரசமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றபோதும் தெரியும்.

"அப்ப ராகு காலம் எண்டது பொய்யே?"

"பொய் எண்டு சொல்லாதை. ராகு காலம் உண்மைதான்" என்றார் அம்மான். "அது வந்து மறிச்சுது. நான் அதைத் தள்ளிப்போட்டு நடக்கேல்லை. அவ்வளவுதான்."

"கந்தோர் பூட்டட்டும் எண்டு இருந்தனீங்கள்."

"பூட்டினால் ஒருதரிலையும் பழியில்லை. நீ வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை. நான் மாட்டன் எண்டு சொல்லத் தேவையில்லை. நேரம் போட்டுது, அவ்வளவுதான் எண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

அவன் முக்காலியைத் தள்ளினான். எழுந்து நின்றான். கடைச் சுவரில் மணி பதினொன்று ஐம்பது.

"நான் போறன். நீங்கள் வந்தால் வாருங்கோ. வராட்டில் கிள்ளானுக்குத் தனியப் போங்கோ."

அம்மானைப் பார்த்து அவன் இப்படிப் பேசியதில்லை. அவரும் அதைக் கவனித்தார். சோடாவுக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார்.

"நில்லடா. நான் வரமாட்டன் எண்டு எப்ப சொன்னனான்? பத்து நிமிசம்."

பத்து நிமிடமும் அவர் கடை வாசலிலேயே நின்றார். கையில் கடிகாரம் திறந்திருந்தது. சிவகுருநாதன் ரிக்‌ஷாக்காரச் சீனனை நிறுத்தி வைத்துக்கொண்டு வெயிலில் நின்றான். உச்சிவேளை மணி அடித்தபோது அம்மான் கடிகாரத்தை மூடி, வலது காலை எடுத்து வைத்து ரிக்‌ஷாவில் ஏறினார்.

"தம்பி, பாத்துப் போங்க" என்றார் பக்கிரிசாமி. இப்போது அவர் சிரிக்கவில்லை.

*

கந்தோரில் குமாஸ்தா ஜெயராஜ் மட்டும் இருந்தார். மேசையில் ஏழு தாள்கள் அடுக்கியிருந்தன. சிவகுருநாதன் எட்டாவதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"எங்கப்பா போயிட்டே? மத்தவன் எல்லாம் நேத்தே குடுத்துட்டான். பன்னெண்டு இருபத்தஞ்சு ஆச்சு. ஒரு மணிக்கு நான் இதைக் கட்டி துரைகிட்ட வச்சுடணும். இவருதான் கார்டியனா? சார், இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

அம்மான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். தாளை விரித்தார்.

"முதலாம் பிரிவு" என்றார்.

"சார், எல்லாம் வழக்கமான பாரம்தான்."

"வாசிச்சுக் காட்டாமல் நான் ஒருதரையும் ஒப்பம் வைக்க விட்டதில்லை. நானும் வைச்சதில்லை."

இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் அதன் பொருள். மறுபடி இங்கிலீஷில் அடுத்த வரி. கைநாட்டு வைக்க வந்தவர்களுக்கு இருபத்தாறு வருடம் வாசித்த அதே குரல், அதே வேகம். பயிற்சிக்காரன் எனப்படுபவன் யார், காப்பாளர் எனப்படுபவர் யார். ஜெயராஜ் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். சிவகுருநாதனுக்குத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

"ஐந்தாம் பிரிவு. மேற்படி பயிற்சிக்காரன் மேற்படி மூன்று வருட காலத்துக்குள் விவாகம் செய்யலாகாது." அம்மான் நிறுத்தினார். "வடிவா எழுதியிருக்கிறான். சந்தேகத்துக்கு இடமில்லை."

பிறகு ஆறு, ஏழு, எட்டு. எட்டோடு முடிந்தது.

"பன்னெண்டே முக்கால் ஆயிருச்சு சார்" என்றார் ஜெயராஜ்.

அம்மான் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தார். முனையைக் கூட்டின் விளிம்பில் தட்டினார்.

"எனக்கொரு வெறுந்தாள் தாரும்" என்றார் ஜெயராஜிடம்.

"எதுக்குங்க?"

"தந்திக்கு."

ஜெயராஜ் தாளைக் கொடுத்தார். அம்மான் அதை ஒப்பந்தத்தின் மேலேயே வைத்தார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். எழுத்து குண்டு குண்டாக, சாய்வில்லாமல் இருந்தது.

"நான் ஒப்பம் வைக்கிறன். மாட்டன் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஆனால் கேள். திங்கட்கிழமை விடிய ஊரிலை வாசுவின்ரை தாத்தா வீட்டிலை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கினாப் பேந்து ஒண்டும் மாத்த ஏலாது. அதுக்கு முந்தி, கலியாணம் இல்லை எண்டு தந்தி போக வேணும். நான் ஒப்பம் வைச்சால் இது இண்டைக்கே போகும்."

சிவகுருநாதன் தாளைப் பார்த்தான். மேலே இருந்தது அம்மாவின் பெயரில்லை. தம்புசாமியின் ஆட்களின் பெயருமில்லை. இராஜம்மா, சுழிபுரம் என்று மட்டும் இருந்தது. அதன் கீழே வெறுமை.

"அவளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் கப்பலேறினனான்" என்றார் அம்மான். "அவள் ஓம் எண்டவள். ஒரு கேள்விதான் கேட்டவள். தம்பிக்கு இது விருப்பமோ எண்டு. நான் விருப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

ஜெயராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மான் பேனாவை இன்னொரு தரம் தோய்த்தார். கண்ணாடிக்கு மேலாக மருமகனைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் களைப்புத் தெரிந்தது.

"நான் எழுதுறன். அவளுக்கு என்னெண்டு எழுத எண்டு நீ சொல்லு, தம்பி."